திரும்பத் தெரிந்த கால்கள்

விழுந்து எழுந்து என்னிடம் வரும் முதியவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி இது: "அந்த நேரத்துல என்ன செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?" மதுரையில் பிசியோதெரபிஸ்டாக இருபது வருடங்களுக்கும் மேலாக இதைக் கேட்டு வருகிறேன். பால் பொங்கும் சத்தம் கேட்டு அடுப்புப் பக்கம் வெடுக்கெனத் திரும்பினேன் என்பார் ஒருவர். காலிங் பெல் அடித்தது, டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமலே எழுந்தேன் என்பார் இன்னொருவர். பின்னாலிருந்து பேத்தி கூப்பிட்டாள், சந்தில் பைக்குக்காரன் ஹாரன் அடித்தான், காலுக்கடியில் நாய் வந்தது, பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். நேராக நடந்துகொண்டிருந்தபோது விழுந்தேன் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. திரும்பும்போதும், நிற்கும்போதும், ஒதுங்கும்போதும், மனம் வேறெங்கோ இருக்கும்போதும்தான் விழுந்திருக்கிறார்கள்.

ஆனால் அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஊரே சொல்லும் ஒரே வைத்தியம் வாக்கிங். காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். மஃப்ளரைக் கட்டிக்கொண்டு, கை வீசி, ஒரே திசையில், ஒரே வேகத்தில் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது. வேண்டாம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் வாழ்க்கை அந்த மைதானத்துப் பாதை போல வளைவு தெரிந்த ஒன்றாக இருப்பதில்லை. வாக்கிங் போகிறவர்கள் விழாமல் இருப்பார்கள் என்று வீட்டார் நிம்மதியாக இருக்கும்போது, எனக்கு அந்த நிம்மதி வருவதில்லை.

அந்த மைதானத்தில் தினமும் ஒரு மணி நேரம் நடந்தவர்தான் நான் சொல்லப்போகும் தலைமையாசிரியர். ஓய்வுபெற்றவர், வயது 74. வீட்டு வாசலில் காய்கறி வண்டிக்காரர் கூப்பிட, திரும்பி இரண்டு அடி வைப்பதற்குள் விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. மகள்தான் பிடிவாதமாக அழைத்து வந்தார். அவருக்கோ வந்ததில் விருப்பமே இல்லை. "எனக்குக் கால்ல ஒண்ணும் இல்லம்மா" என்றார்.

முதலில் நாற்காலிப் பரிசோதனை. கைப்பிடியுள்ள நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். 1991-ல் வெளியான இந்தச் சோதனை இன்றும் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது. 12 வினாடிக்கு மேல் ஆனால் நாங்கள் கவனமாகிவிடுவோம். அவர் 9 வினாடியில் முடித்துவிட்டு மகளைப் பார்த்தார். பார்த்தாயா என்பது போல.

அடுத்தது நான்கு குச்சிச் சோதனை. தரையில் நான்கு கைத்தடிகளைக் கூட்டல் குறி போலப் படுக்க வைத்தால் நான்கு கட்டங்கள் கிடைக்கும். முகத்தை ஒரே பக்கம் வைத்தபடி முன்னால், வலப்பக்கம், பின்னால், இடப்பக்கம் என்று ஒரு சுற்றுச் சுற்றி, உடனே அதே வழியில் தலைகீழாகத் திரும்பி வர வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு பாதமும் பட வேண்டும், தடியை மிதிக்கக் கூடாது. 2002-ல் ஆஸ்திரேலியாவில் டைட், டெம்பிள் என்ற இரு ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். 15 வினாடிக்கு மேல் எடுத்துக்கொள்பவர்கள் திரும்பத் திரும்ப விழும் வாய்ப்பு அதிகம் என்று கண்டார்கள். தலைமையாசிரியர் முன்னால் வைத்த அடி அழகாக இருந்தது. பக்கவாட்டு அடியும் பரவாயில்லை. பின்னால் வைத்தபோது குதிகால் தடியை மிதித்தது. தலைகீழ்ச் சுற்றில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுவிட்டார். இருபது வினாடி தாண்டியபோது நான் கடிகாரத்தை நிறுத்திவிட்டேன்.

மூன்றாவதாக வராந்தாவில் நடக்கச் சொல்லி, தமிழ் மாதங்களைப் பங்குனியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னேன். பங்குனி, மாசி, தை, மார்கழி. மார்கழியில் கால் நின்றது. "கார்த்திகை" என்று சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த அடி எழுந்தது. ஐப்பசிக்கு மறுபடியும் நின்றார். அவரே திகைத்துப்போய்க் கேட்டார்: "கால் நல்லாத்தானே இருக்கு, நான் ஏன் நின்னேன்?"

எங்கள் தொழிலில் இதைவிட நல்ல கேள்வியை ஒரு நோயாளி கேட்க முடியாது. ஸ்வீடனில் முதியோர் குடியிருப்பு ஒன்றில் 58 பேரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். 1997-ல் லான்செட் இதழில் அது வந்தது. பேசுவதற்காக நடையை நிறுத்தியவர்கள் 12 பேர். அடுத்த ஆறு மாதத்துக்குள் அவர்களில் 10 பேர் விழுந்தார்கள். இளமையில் நடை தானாக நடக்கிறது. நாம் அதற்குக் கவனம் செலவழிப்பதில்லை. வயது ஏற ஏறப் பாதத்தின் உணர்வு குறைகிறது, கண் மங்குகிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் சோர்கிறது. அந்தக் குறையை ஈடுகட்ட மூளையின் முன்பகுதி ஒவ்வொரு அடிக்கும் காவல் நிற்க வேண்டியதாகிறது. பேச்சோ யோசனையோ அந்தக் காவலை இழுத்துக்கொண்டால் கால் நின்றுவிடுகிறது. நிற்க முடிந்தால் அந்தக் கணத்துக்குத் தப்பிக்கிறார். நிற்க முடியாத கணத்தில் அவரே தடுமாறுகிறார்.

தசையிலும் ஒரு சங்கதி உண்டு. நம் தசைகளில் மெதுவாக, நெடுநேரம் உழைக்கும் இழைகளும் உண்டு, சட்டென்று சுருங்கும் வேக இழைகளும் உண்டு. முதுமையில் அதிகம் மெலிவது வேக இழைகள். அதனால் தசையின் பலம் குறைவதைவிட வேகமாக அதன் சுறுக்குக் குறைகிறது. மைதானத்தைப் பத்துச் சுற்றுச் சுற்ற முடிகிறவருக்கு, உடம்பு சாய்ந்த கணத்தில் ஒரு காலைப் பக்கவாட்டில் விரைந்து ஊன்ற முடியாமல் போகிறது. பக்கவாட்டில் விழுந்து இடுப்பு தரையில் மோதினால் தொடை எலும்பின் கழுத்து முறியும் ஆபத்து மற்ற விழுதல்களைவிடப் பல மடங்கு. அந்த ஒரு முறிவுக்குப் பிறகு எத்தனை பேர் பழைய நடைக்குத் திரும்பாமலே போனார்கள் என்பதை வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் நான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். முதியவர்களுக்கு அஜிலிட்டி பயிற்சி வேண்டும். விளையாட்டு வீரர்களுக்குக் கொடுக்கிறோமே, அதேதான்: வேகம் பிடிப்பது, நிற்பது, திசை மாறுவது, எதிர்பாராத ஒன்றைக் கண்டு உடனே முடிவெடுப்பது. வேகத்தையும் உயரத்தையும் மட்டும் அவர்களுக்கு ஏற்றாற்போல் வைத்துக்கொள்கிறோம்.

என் வகுப்பு கே.கே. நகர்ப் பக்கம் ஒரு வீட்டு மொட்டை மாடியில் நடக்கிறது. சாமான் பெரிதாக ஒன்றும் இல்லை. சாக்பீஸ், நிறம் நிறமாகப் பிளாஸ்டிக் டம்ளர்கள், பஞ்சு அடைத்த துணிப் பந்து, சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். யார் வந்தாலும் முதலில் படுக்க வைத்தும் நிற்க வைத்தும் ரத்த அழுத்தம் பார்ப்பேன். எழுந்ததும் அழுத்தம் இறங்குகிறவர்களை மாத்திரை எழுதிய டாக்டரிடம் திருப்பி அனுப்பிவிடுவேன். தலைசுற்றல் சரியாகும்வரை கட்டத்தில் கால் வைக்கக் கூடாது. சர்க்கரைக்காரர்களுக்குப் பாதத்தில் நைலான் இழை வைத்து உணர்வு சோதிப்பேன். மரத்துப்போன பாதம் என்றால் சுவரைப் பிடித்தபடிதான் ஆரம்பம். வெறும் வயிற்றோடு வரக் கூடாது. ரப்பர்ச் செருப்பு கூடாது, பிடிப்புள்ள கான்வாஸ் ஷூ வேண்டும். புடவைக் கொசுவம் காலைத் தட்டும் என்பதால் பெண்களைச் சுடிதாரில் வரச் சொல்கிறேன். இந்த ஒன்றுக்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகம் மன்றாட வேண்டியிருந்தது. "இந்த வயசுல எனக்குச் சுடிதாரா?" என்று கேட்டவர்கள், ஒருவர் போட்டு வந்ததும் ஒவ்வொருவராக மாறினார்கள்.

முதல் சில வாரங்களுக்கு ஓட்டமும் இல்லை, ஆட்டமும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, குதிகாலை உயர்த்துவது, ஒரு காலில் நிற்பது. காலில் பலம் இல்லாமல் திசை மாறச் சொன்னால் ஆபத்து. எழுவதை மட்டும் வேகமாக எழச் சொல்வேன், உட்காருவதை நிதானமாக. வேக இழைகளை எழுப்ப அது போதும்.

பிறகு திசை. வலது, இடது என்று நான் கூப்பிடுவதில்லை. நம் ஊர்ப் பெரியவர்கள் சொம்பை எடுத்து வை என்பதைக்கூட "வடக்கால தள்ளி வை" என்றுதான் சொல்வார்கள். கிழக்கும் மேற்கும் அவர்கள் உடம்பிலேயே இருக்கிறது. அதைத்தான் பயன்படுத்துகிறேன். மாடியில் நின்று "தெற்கே ஒரு அடி" என்பேன். கிழக்குப் பார்த்து நிற்கும்போது அது வலப்பக்க அடி. அவர்களை வடக்கே திரும்ப வைத்துவிட்டு அதையே சொன்னால் அது பின்னடி. அதே சொல்லுக்கு உடம்பு வேறு பதில் சொல்ல வேண்டும். முகத்தில் ஒரு நொடி யோசனை ஓடும், பிறகு கால் போகும். அந்த ஒரு நொடி சுருங்கிக்கொண்டே வருவதுதான் எனக்கு வேண்டியது. அது கைவந்ததும் விதியைப் புரட்டிவிடுவேன்: "இனிமே வடக்குன்னா தெற்கு." பழகிய பதிலை அடக்கிப் புதிய பதிலை எடுப்பது மூளைக்குக் கடினமான வேலை. அதற்குப் பிறகு டம்ளர்கள். சிவப்பு டம்ளரை நோக்கிப் போகும்போதே "பச்சை!" என்று கூவுவேன். நின்று, திரும்பி, போக வேண்டும். கடைசியில் பந்து. எந்தப் பக்கம் வருமென்று எனக்கே தெரியாதபடி போடுவேன். புதிதாக வந்தவர்களின் இடுப்பில் பட்டை கட்டியிருக்கும், உதவியாளர் ஒருவர் அதைப் பிடித்தபடி கூடவே நகர்வார்.

கனடாவின் வான்கூவரில் நடந்து 2004-ல் வெளியான ஆய்வில், எலும்பு அடர்த்தி குறைந்த 75 முதல் 85 வயதுவரையான பெண்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எடைப் பயிற்சி, ஒன்றுக்குப் பந்தாட்டம், தொடர் ஓட்டம், நடன அடிகள், தடை தாண்டும் பாதை என்று அஜிலிட்டி பயிற்சி, மூன்றாவதற்கு உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும். விழும் அபாயத்தின் அளவு எடைக் குழுவில் 57 சதவீதமும் அஜிலிட்டி குழுவில் 47 சதவீதமும் குறைந்தது. நீட்டி மடக்கியவர்களுக்கு 20 சதவீதம். எடையா, அஜிலிட்டியா என்று கேட்பவர்களுக்கு என் பதில் அந்த எண்களில் இருக்கிறது. இரண்டும் வேண்டும். அந்தப் பெண்கள் இடுப்பில் காப்புக் கவசம் அணிந்து விளையாடினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எண்பது வயதில் தொடர் ஓட்டம் ஓட வைத்தவர்கள் அதற்கான பாதுகாப்பையும் சேர்த்தே யோசித்திருக்கிறார்கள்.

ஜப்பானில் சுகுபா பல்கலைக்கழகத்தார் செய்த கட்டப் பயிற்சி எனக்கு மிகவும் பிடித்தது. 25 செ.மீ. சதுரங்கள், அகலத்தில் நான்கு, நீளத்தில் பத்து வரைந்த ஒரு விரிப்பு. பயிற்சியாளர் அடிவைப்பை ஒருமுறை செய்து காட்டுவார், பார்த்து மனத்தில் வாங்கி அப்படியே போக வேண்டும். போகப் போக வரிசை நீளும், பின்னடியும் குறுக்கடியும் சேரும். அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது பாண்டி ஆட்டம். அடுத்த வகுப்பிலேயே மாடியில் பாண்டிக் கட்டம் போட்டேன்.

திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்து சேர்ந்த ஒரு அம்மா அன்று முதல் வரிசையில் இருந்தார். எழுபதைத் தாண்டியவர். நாற்று நட்டு, களை எடுத்து, தலையில் சுமையோடு வரப்பில் நடந்தே வாழ்ந்தவர். அடுக்குமாடி வீட்டு வழவழத் தரையில் இரண்டே வருடத்தில் சுவரைத் தடவி நடப்பவராகிவிட்டார். கட்டத்தைப் பார்த்ததும், "ஏ பாப்பா, என்னையப் பள்ளிக்கூடப் பிள்ளைன்னு நெனச்சியா?" என்றார். பிறகு குனிந்து பார்த்து, "இது தப்பு. எங்க ஊர்ல ஏழாங்கட்டம் இப்படி இருக்காது" என்று என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கித் திருத்தினார். நொண்டி அடிக்க நான் விடவில்லை. இரண்டு காலும் ஊன்றித்தான் போக வேண்டும். சில்லு போட்ட கட்டத்தைத் தாண்ட வேண்டும், திரும்பி வரும் வழியில் அதைக் குனிந்து எடுக்க வேண்டும். குறி பார்ப்பது, நினைவில் வைப்பது, தாண்டுவது, குனிவது, திரும்புவது எல்லாம் அதிலேயே இருக்கிறது. அவர் ஒவ்வொரு கட்டமாகப் போனபோது தோள் நிமிர்ந்துகொண்டே வந்ததைப் பார்த்தேன். வரப்பில் நடந்த கால் எதையும் மறக்கவில்லை. மறக்க வைத்தது அந்தத் தரையும், "நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்ற மருமகளின் அன்பும்தான்.

கும்மியைக் கொண்டு வந்ததும் அந்த அம்மாதான். வட்டமாக நின்று, முன்னால் ஒரு அடி, குனிந்து ஒரு தட்டு, பின்னால் வந்து நிமிர்ந்து ஒரு தட்டு, அரைச்சுற்றுத் திரும்பி மறுபடியும். வாயில் பாட்டும் ஓட வேண்டும். நடையும் பேச்சும் மோதும் சிக்கலுக்கு இதைவிட இனிமையான பயிற்சியை நான் கண்டதில்லை. ஜெனீவாவில் பியானோ வாசிப்பின் மாறும் தாளத்துக்கேற்ப முதியவர்களை நடக்கவும் திரும்பவும் வைத்தார்கள். வாரம் ஒரு மணி நேரம், ஆறு மாதம். 2011-ல் முடிவு வெளியானது. விழுதல் பாதிக்கும் மேல் குறைந்திருந்தது. நம்மிடம் பியானோ இல்லை. கையும் பாட்டும் இருக்கின்றன. கோலாட்டக் குச்சியும் வந்து சேர்ந்தது. எதிரில் வருபவர் குச்சியை எங்கே நீட்டுவார் என்று கண் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால் தாளம் தவறாமல் நகர வேண்டும். ஆண்கள் கும்மிக்கு வரக் கூச்சப்பட்டார்கள். கோலாட்டத்துக்கு வந்துவிட்டார்கள், தலைமையாசிரியர் உட்பட. சில மாதங்களில் அவருடைய நான்கு குச்சி 13 வினாடிக்கு இறங்கியது. மாதங்களை வைகாசி வரைக்கும் நிற்காமல் சொல்லிக்கொண்டு நடந்தார்.

"இதைச் செஞ்சா மறதி வராதா?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மறதி நோயைத் தடுத்துவிடும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்து, ஜோ வர்கீஸ் குழுவினர் 2003-ல் வெளியிட்ட ஆய்வு உண்டு. வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி வாசிப்பு இவற்றோடு, உடல் அசைவுகளில் நடனம் ஒன்றுதான் டிமென்ஷியா குறைவோடு சேர்ந்து வந்தது. நடனம் ஆடியதால் மறதி வரவில்லையா, மறதி தொட்டவர்கள் ஆட்டத்தை முன்பே விட்டுவிட்டார்களா என்பதை அத்தகைய ஆய்வு தனியே பிரித்துச் சொல்லிவிட முடியாது. நான் கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன். விதி மாறும்போது தடுமாறுவது குறைகிறது. தெருவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே நடக்க முடிகிறது. மாத்திரை டப்பாவையும் கேஸ் அடுப்பையும் மறுபடி தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார்கள். விழுந்துவிடுவோமோ என்ற பயம்தான் முதியவரை நாற்காலியில் கட்டிப்போடுகிறது. அந்தப் பயம் இறங்கினால் அவர் கோயிலுக்குப் போகிறார், நாலு பேரோடு பேசுகிறார். மூளைக்கு வேண்டியதும் அதுதான்.

என்னோடு அதிகம் மல்லுக்கட்டுவது பிள்ளைகள்தான். வெளிநாட்டிலிருந்து ஒரு மகன் வீடியோவில் அம்மா பந்து பிடிப்பதைப் பார்த்துவிட்டு இரவோடு இரவாக எனக்குப் போன் செய்தார். "மேடம், அம்மா விழுந்தா யார் பொறுப்பு?" கோபத்துக்குப் பின்னால் இருந்த பயம் எனக்குப் புரிந்தது. பட்டை கட்டியிருப்பதையும், ஆள் கூட நிற்பதையும் சொன்னேன். பிறகு அவரிடம், அம்மா வீட்டில் குளியலறைக்குப் போகும் வழியை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டேன். ஈர டைல்ஸ், உயரமான நிலைப்படி, சுருண்டு கிடந்த மிதியடி, கைப்பிடி இல்லாத சுவர். யாரும் பிடிக்காமல் அந்த அம்மா தினமும் அங்கே நான்கைந்து முறை போய் வருகிறார். மறுவாரம் சுவரில் கைப்பிடி வந்துவிட்டது. பந்தும் தொடர்ந்தது.

"பாத்து, மெதுவா" என்பதை அன்பின் மறுபெயராகவே நம் வீடுகளில் வைத்திருக்கிறோம். மெதுவாக மட்டுமே நடந்து பழகிய கால், வேகம் தேவைப்படும் அந்த ஒரு கணத்தில் என்ன செய்யும்? 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலையும் பலமும் சேர்ந்த பலவகைப் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வகுத்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்போதே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட்டுகள் வீட்டுக்கே போகிறார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்கும் படுத்தவர்களுக்கும் அது பெரிய ஆறுதல். இன்னும் விழாமல் இருப்பவர்களுக்கும் ஒரு சாக்பீஸ் வகுப்பு ஒவ்வொரு வார்டிலும் வேண்டும் என்று கூட்டம் கிடைக்கும்போதெல்லாம் கேட்டுவருகிறேன். பூங்காக்களில் நடைபாதை போடுகிறவர்கள் ஓரமாக நாலு கட்டமும் வரைந்து, பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் நட்டுவிட்டால் போதும்.

பயிற்சியை விட்டால் சில வாரங்களிலேயே பலன் இறங்கத் தொடங்கும். அதனால் சித்திரை வெயிலில் வகுப்பைக் காலை ஆறு மணிக்கு மாற்றிக்கொண்டோம், மழைக்காலத்தில் கார் நிறுத்துமிடத்துக்கு இறக்கினோம். இப்போது நான் போகாத நாளிலும் அது நடக்கிறது. திருமங்கலத்து அம்மா கட்டம் போடுகிறார், தலைமையாசிரியர் திசை கூப்பிடுகிறார், அவ்வப்போது விதியை மாற்றி எல்லோரையும் திணற வைக்கிறாராம். பட்டை பிடிக்க இரண்டு கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டேன். செல்லூரில் நெசவாளர் குடும்பங்கள் இருக்கும் ஒரு தெருவிலிருந்து கேட்டு வந்திருக்கிறார்கள். அங்கே மாடி கிடைக்காது, சந்துதான் இடம். பைக் போக்குவரத்து குறைந்த மதிய வேளையில் அளந்து பார்த்தேன். நாலுக்குப் பத்துக் கட்டம் தாராளமாகப் பிடிக்கிறது. ஒரு பக்கம் வாய்க்கால் மட்டும் திறந்து கிடக்கிறது, அதற்கு மூடி போட வார்டு கவுன்சிலரிடம் மனு கொடுத்திருக்கிறோம்.